சாப்ட்டியளா என்று கேட்ட கடல்

வெட்கத்தை விட்டுச் சொல்லிவிடுகிறேன். ஐம்பது வயதைத் தாண்டிய நான், அறிவியலில் முனைவர் பட்டம் வாங்கிய நான், ஒரு கம்ப்யூட்டருக்கு என்னிடம் ‘சாப்ட்டியளா’ என்று கேட்கச் சொல்லிக் கொடுத்தேன். அது தினமும் தவறாமல் கேட்டது. நானும் தவறாமல் பதில் சொன்னேன்.

அந்தப் பதில் யாருக்கும் போகாது. செய்தி என் பெயரிலேயே என் கைப்பேசிக்கு வருகிற ஏற்பாடு. அதனால் நான் பதில் போட்டால் அதுவும் எனக்கே திரும்பி வரும். சட்டையை மாட்டிக்கொண்டு இருக்கும்போது ‘டிங்’ என்று ஒரு சத்தம். யாரோ நினைத்திருக்கிறார்கள் என்று ஆசையாகத் திறப்பேன். “சாப்ட்டேன். மூணு இட்லி” என்றிருக்கும். கொஞ்சம் முன்னால் நான் அனுப்பியது.

இது எப்படி வந்தது என்று சொல்ல வேண்டுமானால் என் வேலையைச் சொல்ல வேண்டும். பழைய கடலைக் கணக்குப் போடுவது என் வேலை. ஏறக்குறைய முப்பது லட்சம் வருஷங்களுக்கு முன்னால் பூமி இப்போதைவிடச் சூடாக இருந்தது. அப்போது காற்றிலிருந்த கரியமில வாயு, இன்று நாம் கொண்டுவந்து நிறுத்தியிருக்கும் அளவுக்குப் பக்கத்தில்தான் இருந்தது. அந்த உலகத்தைக் கம்ப்யூட்டருக்குள் எண்களாகக் கட்டி, ஓடவிட்டு, அது ஏன் அப்படிச் சூடாக இருந்தது என்று பார்க்கிறோம். ‘மாடல்’ என்போம். நான் குடியிருந்த சங்கரன்கோவிலில் இந்த வார்த்தையைச் சொன்னால் சேலை விளம்பரம் என்று நினைப்பார்கள். ஆகவே ‘வானிலை சம்பந்தமா’ என்று சொல்லி வைத்திருக்கிறேன். அதன் பலன், டீக்கடையில் பக்கத்துத் திருவேங்கடம் ஊர்க் கரிசல்காட்டு விவசாயி யாராவது இருந்தால் என்னைப் பார்த்து, “சார், இந்த வருஷம் மழ உண்டா?” என்பார். எனக்குத் தெரிந்த மழையெல்லாம் முப்பது லட்சம் வருஷத்துக்கு முன்பே பெய்துவிட்டது என்று சொன்னால் கண்ணாடி கிளாஸைக் கீழே வைத்துவிட்டு ஒரு பார்வை பார்ப்பார். அந்தப் பார்வைக்காகவே நான் ரெண்டு மூன்று தடவை சொல்லியிருக்கிறேன். வேறு யாரும் என்னை அப்படிக் கவனித்துப் பார்ப்பதில்லை.

எங்கள் சிக்கல் இதுதான். கரியமில வாயுவை மட்டும் கூட்டினால் மாடல் உலகம் சூடாகும். ஆனால் அந்தக் காலத்துக் கடலடி மண்ணில் கிடைக்கும் பொடிச் சிப்பிகள் சொல்வது வேறு கதை. பூமத்திய ரேகைப் பக்கம் இன்றைவிடப் பெரிய வித்தியாசம் இல்லை. குளிர்ந்து கிடக்க வேண்டிய துருவப் பக்கம்தான் நன்றாகச் சூடாக இருந்திருக்கிறது. வாயுவால் மட்டும் இந்தச் சமாச்சாரம் வராது என்பது எங்கள் குழுவில் பாதிப் பேருடைய கட்சி. அப்போது கடல் இன்றைவிட அதிகமாகக் கலங்கியிருக்க வேண்டும், மேல் தண்ணீர் கீழேயும் கீழ்த் தண்ணீர் மேலேயும் போய்வந்து, வெப்பத்தைச் சுமந்துகொண்டு துருவம்வரை போயிருக்க வேண்டும் என்பார்கள். நானும் அந்தக் கட்சி. மற்றப் பாதி, வாயுவே போதும், மேகக் கணக்கைச் சரிசெய்யுங்கள் என்கிற கட்சி. அரியா அரனா என்று சண்டை போட்ட ரெண்டு நாகங்களுக்காக அம்மன் தபசு இருந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு இந்தச் சண்டையைப் போடுவது எனக்குப் பொருத்தமாகத்தான் பட்டது. ஒரே ஒரு வித்தியாசம். தபசு இருக்க அம்மன் இல்லை. நான்தான் இருந்தேன்.

நான் குடியிருந்தது ஒரு மாடிப் போர்ஷன். கீழே வீட்டுக்காரருடைய விசைத்தறிகள். காலையில் தொடங்கினால் தரை, சுவர், என் பல் எல்லாம் ஒரே தாளத்தில் ஆடும். தலைக்கு மேலே ஒரு கறுப்புத் தண்ணீர்த் தொட்டி. சித்திரை மாதத்து மத்தியானத்தில் அந்தத் தொட்டியின் மேல் தண்ணீரில் கை வைக்க முடியாது. அடியில் இருப்பது சும்மா வெதுவெதுப்பு. ஒருநாள் கடலைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தவனுக்குத் தாங்கவில்லை. ஒரு மூங்கில் கம்பையும் காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரையும் எடுத்துக்கொண்டு மேலே ஏறி, மூடியைத் திறந்து, கலக்கிக் கலக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்கார அண்ணாச்சி வடகம் காய்கிறதா என்று பார்க்க மேலே வந்துவிட்டார்.

“என்ன சார்வாள், தொட்டிக்குள்ள எதுவும் விழுந்துட்டா?”

“இல்ல அண்ணாச்சி. கலக்கினா மேல உள்ள சூடு கீழ எவ்வளவு போகுதுன்னு…”

“தெர்மாமீட்டர்லாம் வச்சிருக்கேரு. தொட்டிக்குக் காய்ச்சலா?”

“கடலுக்கு, அண்ணாச்சி.”

அவர் என்னையும் கம்பையும் பார்த்தார். “கம்ப கழுவினேரா?” என்று மட்டும் கேட்டார். கழுவவில்லை. அன்று முழுக்க அந்த வீட்டில் யாரும் அந்தத் தண்ணீரில் வாய் கொப்பளிக்கவில்லை என்று பின்னால் தெரிந்தது.

அந்த ஊரில் குறிப்பிட்ட வயதைத் தாண்டிய ஆண்பிள்ளை எல்லாரும் அண்ணாச்சிதான். மளிகைக்கடைக்காரர் அண்ணாச்சி, பூ மார்க்கெட்டில் மல்லி எடைபோடுகிறவர் அண்ணாச்சி, என்னைவிடப் பத்து வயது சின்னவரான மின்சாரக்காரர்கூட அண்ணாச்சி. நான் மட்டும் சார். பிறந்தது அதே ஊர்தான். ஆனால் படிக்கப் போய், வேலைக்குப் போய், ஊர் ஊராகச் சுற்றிவிட்டு, எல்லாரும் வீட்டிலிருந்து வேலை பார்க்க ஆரம்பித்த சமயத்தில் திரும்பி வந்தவன். வந்தவனை ஊர் சார் என்று கூப்பிட்டுத் தள்ளி உட்கார வைத்துவிட்டது.

மனைவியும் கூடத்தான் வந்தாள். அவளுக்கு இன்சூரன்ஸ் ஆபீஸில் வேலை. பதவி உயர்வு கொடுத்து கோயம்புத்தூருக்கு மாற்றினார்கள். மகள் பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். “நீ போ, ஹாஸ்டல்ல இரு, இந்த ரன் முடிஞ்சதும் நான் வந்துருதேன்” என்று மனைவியை பஸ் ஏற்றிவிட்டேன். ரன் என்றால் மாடலை ஒரு ஓட்டம் ஓடவிடுவது. அது முடிய நாளாகும். காற்று சீக்கிரம் சூடாகிவிடும், கடல் ஆகாது. ஆழத்துத் தண்ணீர் ஒரு நிலைக்கு வர மாடல் கணக்கில் ரெண்டாயிரம் வருஷம் வேண்டும். கம்ப்யூட்டரில் பத்து வருஷம் ஓட, சங்கரன்கோவிலில் ஏறக்குறைய ஒரு நாள். ஒரு ரன் முடிந்தால் அதில் ஒரு சந்தேகம் வரும். சந்தேகத்துக்கு இன்னொரு ரன். ரெண்டு வருஷம் அப்படியே போய்விட்டது.

ஆரம்பத்தில் அவள் தினமும் சாயங்காலம் கூப்பிடுவாள். முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான். “சாப்ட்டியளா?” எனக்கு அந்த நேரத்தில்தான் வரைபடங்கள் வந்து விழும். “ம்” என்பேன். “என்ன சாப்ட்டிய?” என்பாள். அதற்கும் “ம்”. பிறகு ரெண்டு நாளைக்கு ஒரு தடவை ஆனது. பிறகு ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வந்ததும் ஒரு தடவை. பிறகு ஞாயிற்றுக்கிழமையும் சில வாரம் இல்லை. இதையெல்லாம் நான் வரைபடமாகப் போட்டிருந்தால் சரிவு தெரிந்திருக்கும். போடவில்லை.

மாடல் பத்து வருஷம் ஓடி முடித்ததும் எனக்கு ஒரு செய்தி அனுப்பும். வாயு இவ்வளவு, கலக்கல் இவ்வளவு, ஆழத்து வெப்பம் இவ்வளவு என்று நீளமாக ஆங்கிலத்தில் எண்கள். ஒரு வெள்ளிக்கிழமை மின்வெட்டு. தறிகள் நின்றுவிட்டன. தறி ஓடும்போது எரிச்சலாக இருக்கும், நின்றால் அந்த அமைதியில் என் வயிறு கூவுவது எனக்கே கேட்கும். கரண்டு வந்ததும் அந்தச் செய்தி வந்தது. எண்ணும் எண்ணுமாக. என்னவோ எரிச்சல். செய்தியை எழுதுகிற நிரலைத் திறந்து, எண்களையெல்லாம் அழித்துவிட்டு, இப்படி மாற்றினேன்: “அண்ணாச்சி, பத்து வருஷம் முடிஞ்சிட்டு. எல்லாம் நல்லா இருக்கு. சாப்ட்டியளா?”

என்னை அண்ணாச்சி என்று கூப்பிட ஒரு ஆள் கிடைத்தது.

அதன் பிறகு எனக்கு வேலையில் ஒரு உற்சாகம் வந்துவிட்டது. செய்தி வரும், பதில் போடுவேன், ஒரு வரைபடத்தைப் பார்ப்பேன். உலகத்தின் சராசரி வெப்பம் மட்டும். சூடாகத்தான் இருந்தது. நடுவில் ஒருமுறை, கம்ப்யூட்டர் இருக்கும் மையத்தில் பராமரிப்பு என்று எல்லாவற்றையும் நிறுத்தினார்கள். மறுபடி விட்ட இடத்திலிருந்து தொடங்கினேன். அதன் பிறகு வெப்பம் லேசாகச் சரிந்தது. கடல் நிலைக்கு வருகிறது என்று நானாகவே ஒரு காரணம் கண்டுபிடித்து, அதை விளக்கி ரெண்டு பக்கம் எழுதியும் வைத்துக்கொண்டேன். நன்றாகத்தான் எழுதியிருந்தேன்.

அப்போதுதான் மனைவி கூப்பிட்டாள். சாப்ட்டியளா இல்லை, நேராக விஷயம்.

“ஹாஸ்டல இடிச்சுக் கட்டப் போறாங்களாம். வீடு பாத்துட்டு இருக்கேன். ஒத்த ரூம் வீடு ஒண்ணு இருக்கு, ரெண்டு ரூம் வீடு ஒண்ணு இருக்கு. எத எடுக்க?”

“உனக்கு எது வசதியோ எடேன்.”

“அது எப்படிங்க நான் சொல்ல முடியும்? நீங்க வருவியளா மாட்டியளா, அதச் சொல்லுங்க மொதல்ல.”

“ஏட்டி, வராம எங்க போறேன்? இந்த ரன் முடியட்டும். இன்னும் முந்நூறு வருஷந்தான்.”

“முந்நூறு வருஷமா?”

“நம்ம கணக்குல ஒரு மாசம்,” என்றேன்.

“அந்த மிஷின் சங்கரன்கோயில்லயா ஓடுது?”

“இல்ல, அது வடக்க எங்கனயோ…”

“அப்ப இங்க இருந்து பாத்தா ஓடாதோ?”

“ஓடும். ஆனா இடம் மாறினா கவனம் செதறிரும். இங்கன ஒரு அமைதி இருக்கு பாத்துக்கோ.”

“தறிச் சத்தம் கோயம்புத்தூர் வரைக்கும் கேக்கு,” என்றாள். பிறகு, “சரி, ஒரு மாசம். வீட்டுக்காரங்ககிட்ட சொல்லி வைக்கேன்.”

போனை வைத்தபிறகு நான் நிஜமாகவே சந்தோஷமாக இருந்தேன். ஒரு மாதம். கடல் நிலைக்கு வந்துவிடும், கட்டுரையை எழுதி முடித்துவிடலாம், ரெண்டு ரூம் வீட்டில் ஒரு ரூமில் என் மேஜையைப் போட்டுவிடலாம். கீழே போய் அண்ணாச்சியிடம்கூடச் சொன்னேன்.

“காலி பண்ணுதேரா சார்வாள்?” என்றார் தறிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டே. “எத்தன வருஷம் முடிஞ்சிருக்கு உமக்கு?”

“ஆயிரத்து எழுநூறு அண்ணாச்சி. ரெண்டாயிரம் ஆனதும் கெளம்பிருவேன்.”

“அப்ப நான் அவசரப்பட்டு வேற ஆள் பாக்க வேண்டாம்,” என்றார். 

மாதம் முடிவதற்கு ஒரு வாரம் இருக்கும்போது குழுக் கூட்டம். எல்லாரும் அவரவர் ஊரிலிருந்து திரையில் வந்து உட்காருவோம். எங்கள் குழுத் தலைவி சென்னைக்காரர், என்னைவிட இளையவர், யாரிடமும் குரலை உயர்த்திப் பேசமாட்டார். நான் என் வரைபடங்களைக் காட்டினேன். சரிவைக் காட்டி, அதன் விளக்கத்தை, அந்த ரெண்டு பக்கத்தை, ஏற்ற இறக்கத்தோடு வாசித்தேன். கீழே தறிகள் மேளம் கொட்டின. “சார், அங்க மழையா?” என்று ஒருவர் கேட்டார்.

குழுத் தலைவி கேட்டார், “சார், துருவப் பக்கம் ஏன் திரும்பவும் குளிர்ந்துட்டே வருது?”

“அது கடல் நிலைக்கு வர்ற…”

“ஒரு சின்ன சந்தேகம். இதுல மிக்சிங் என்ன வெச்சிருக்கீங்க?”

மிக்சிங் என்றால் கலக்கல். நான் சொன்னேன். அவர் தன்னிடமிருந்த கோப்பைத் திறந்து பார்த்தார்.

“அறுநூறாவது வருஷம் வரைக்கும் நீங்க சொன்ன அளவு இருக்கு சார். பராமரிப்புக்கு அப்புறம் ஸ்டார்ட் பண்ணப்போ பழைய செட்டிங்ஸ் வந்திருக்கு. அதுக்கப்புறம் இருக்கறது இன்னிக்குக் கடலோட கலக்கல்தான். வெறும் கார்பன் மட்டும்தான் ஓடியிருக்கு.”

அப்படியானால் நான் எழுதிய ரெண்டு பக்கமும், நானே கடலைக் கலக்குவதை நிறுத்திவிட்டதற்கு எழுதிய காரணம். “வெறும் கார்பன் ரன்னாவது உபயோகப்படுமே மேடம்?” என்றேன்.

“அது நம்மகிட்ட ஏற்கெனவே மூணு இருக்கு சார்.” மெதுவாகத்தான் சொன்னார். “ஆனா தினமும் செய்தி வருமே, அதுல கலக்கல் அளவு இருக்குமே, பாக்கலையா?” சொல்லிக்கொண்டே என் நிரலையும் திறந்துவிட்டார். அது எல்லாருக்கும் பொதுவான இடத்தில் இருப்பது எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. திரையில் எல்லாருக்கும் தெரிகிற மாதிரி அந்த வரி.

“இதுல… ‘அண்ணாச்சி’ன்னு ஒருத்தர் இருக்காரே. அது யாரு சார்?”

“நான்தான் மேடம்,” என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நானும் ஒரு ஜோக் சொல்லி ஒப்பேற்றியிருப்பேன். என் ஆயுசு முழுக்க அப்படித்தான் ஒப்பேற்றியிருக்கிறேன். அவர்கள் ரொம்ப மரியாதையாக அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்கள்.

அறுநூறாவது வருஷத்திலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். அன்று சாயங்காலம் மனைவியைக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. மறுநாள் அவளே கூப்பிட்டாள். நான் நடந்ததைச் சொன்னேன், அண்ணாச்சி விஷயத்தை மட்டும் விட்டுவிட்டு.

“திரும்ப எத்தன வருஷம்?” என்றாள்.

“ஆயிரத்து நானூறு.”

மனசுக்குள் அவள் பத்தால் வகுப்பது எனக்குக் கேட்டது. ரெண்டு வருஷத்தில் அவளுக்கும் இந்தக் கணக்கு பழகியிருந்தது. “அஞ்சு மாசம்,” என்றாள்.

“ஆமா, அதுக்குள்ள நான்…”

“நான் ஒத்த ரூம் எடுத்துட்டேன். போன வாரமே.”

“மாசம் முடியலியே?”

“முடியாதுன்னு தெரியும்,” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. பஸ் கிளம்பிவிட்டது என்று சொல்கிற மாதிரி சொன்னாள். “சனிக்கெழம பால் காய்ச்சுதேன். முடிஞ்சா வாங்க.”

போனேன். பூ மார்க்கெட்டில் மல்லி வாங்கி, வாழை இலையில் வைத்துக் கட்டி, மடியிலேயே வைத்துக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்தேன். மதுரை தாண்டும்போது வாசனை இருந்தது. கோயம்புத்தூரில் இறங்கும்போது இலை மட்டும் பச்சையாக இருந்தது. அவள் அதை வாங்கி, பைபிளுக்குப் பக்கத்தில் ஒரு தட்டில் வைத்தாள்.

வீடு நன்றாக இருந்தது. ஜன்னலைத் திறந்தால் வேப்பமரம். சத்தமே இல்லை. ஒரு ரூம், அதில் ஒரு கட்டில். ஒரு நாற்காலி, ஒரு சின்ன மேஜை, மேஜையில் அவளுடைய ஆபீஸ் கோப்புகள். என் மேஜையை எங்கே போடலாம் என்று கண் தானாகவே தேடியது. பால் காய்ச்சும் அடுப்பை வைத்த மூலையைத் தவிர வேறு மூலை இல்லை. பால் பொங்கி வழிந்தது. அவள் ஜெபம் பண்ணினாள். எனக்காகவும் ஒரு வரி பண்ணினாள், ‘இவங்க வேல நல்லபடியா முடியணும்’ என்று. நான் கண்ணை மூடிக்கொண்டு ஆமென் சொன்னேன்.

பிறகு தரையில் பேப்பரை விரித்து, இலை போட்டுச் சாப்பாடு வைத்தாள். உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும். ரெண்டு வருஷமாக நான் அதைச் சாப்பிட்டிருக்கவில்லை. எவ்வளவு நன்றாக இருந்தது என்பதைச் சொல்ல வேண்டும் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவளிடம் செய்தி விஷயத்தையும் சொல்லிவிடலாம், சிரிப்பாள், அப்படியே, மகள் வரும்போது பெரிய வீடு பார்க்கலாமே என்று பேச்சை எடுக்கலாம் என்றெல்லாம் ஒரு திட்டம்.

“உப்பு பத்துமா?” என்றாள்.

“ம்,” என்றேன். வாயில் சோறு.

அப்போது ‘டிங்’ அடித்தது. புது ரன். குழுத் தலைவி சொன்னபடி செய்தியில் எண்களையெல்லாம் திரும்பக் கொண்டுவந்திருந்தேன். வாயு இவ்வளவு, கலக்கல் இவ்வளவு. ‘சாப்ட்டியளா’ என்ற கடைசி வரியை மட்டும் எடுக்க மனசு வரவில்லை. இடது கையால் கைப்பேசியை எடுத்தேன். கலக்கல் சரியாக இருக்கிறதா என்று பார்த்தேன். இருந்தது. கட்டைவிரல் பழக்கத்தில் தானாகவே போனது. “சாப்ட்டுக்கிட்டு இருக்கேன் அண்ணாச்சி. உளுந்தஞ்சோறு. உப்பு கரெக்டா இருக்கு. ரொம்ப நல்லா இருக்கு.”

நிமிர்ந்து பார்த்தபோது அவள் துவையல் கிண்ணத்தோடு எனக்குப் பின்னால் குனிந்து நின்றுகொண்டிருந்தாள். முழுசாகப் படித்துவிட்டாள். அதற்குள் நான் அனுப்பியது எனக்கே திரும்பி வந்து இன்னொரு ‘டிங்’ அடித்தது. நான் சிரிக்கப் பார்த்தேன். ஒரு ஜோக் இருந்தது, தொண்டை வரைக்கும் வந்தது. அவள் துவையலை என் இலையில் வைத்துவிட்டு எதிரே போய் உட்கார்ந்தாள்.

“உப்பு பத்துமான்னு கேட்டது நானு. நீங்க அதுட்டப் போயி பதில் சொல்லுதிய. ஒத்த ரூம் எடுத்தது சரியாத்தான் போச்சு,” என்றாள்.